கழற்ற வராத ஆயில் ஃபில்டரும் அதை இடம் மாற்றி வைக்கும் வழியும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே மீன்பிடித் தடைக்காலம் இரண்டு உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகைச் சீர்பண்ணுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நடக்கும். எஞ்சின் வேலையில், ஐந்து நிமிடத்தில் முடியும் என்று தொடங்கி அரை நாளைத் தின்றுவிடுகிற ஒன்று உண்டு. ஆயில் ஃபில்டர் கழற்ற வராமல் பிடித்துக்கொள்வதுதான் அது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ஓடுகிற ஜீப்புகளிலும், நாகர்கோவிலில் வீட்டு வாசலில் நிற்கிற கார்களிலும் இதே கதை நடக்கிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு உடனே கிடைக்கிற யோசனை, "ஃபில்டரை ஹோஸ் போட்டு வெளியே கொண்டுவந்து வைத்துவிடு" என்பது. நல்ல யோசனைதான், ஆனால் எல்லாருக்கும் இல்லை. இங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. ஃபில்டர் இறுகிப்போவது ஒன்று. ஃபில்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது இன்னொன்று. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் போன முறை அதை மாட்டிய விதம். இரண்டாவதற்குக் காரணம் எஞ்சின் உட்கார்ந்திருக்கிற இடம். ஃபில்டரை இடம் மாற்றினால் இரண்டாவது தீரும். முதலாவது அப்படியே இருக்கும். புது இடத்திலும் போய் இறுகும். உங்களுக்கு இருப்பது எது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் காசும் மிச்சம், எஞ்சினும் மிச்சம்.

ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது

எஞ்சினுக்குள் ஓடுகிற எண்ணெய் வழவழப்புக்கு மட்டும் இல்லை. உராய்வில் வருகிற உலோகத் தூள், டீசல் எரிந்து வருகிற கரி, காற்றோடு உள்ளே புகுந்த தூசி எல்லாவற்றையும் அது சுமந்துகொண்டு சுற்றுகிறது. அந்தச் சுமையை இறக்கி வைக்கிற இடம் ஃபில்டர். கார்களுக்கான ஆயில் ஃபில்டரை 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் கொண்டுவந்தார். அப்புறம் நெடுங்காலம், இரும்புக் கிண்ணம் ஒன்றை நீண்ட போல்ட்டால் பிடித்துவைத்து, உள்ளே இருக்கிற காகிதத்தை மட்டும் மாற்றுகிற முறைதான் இருந்தது. பழைய ஜீப், லாரி எஞ்சின்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். திருகி மாட்டி, டப்பாவோடு கழற்றித் தூக்கிப் போடுகிற இன்றைய ஃபில்டர் 1954இல் விக்ஸ் என்ற அமெரிக்க ஃபில்டர் நிறுவனத்திடமிருந்து வந்தது.

பழைய ஃபில்டர் ஒன்றை அறுத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரை முழுவதையும்விட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும். வெளியே மெல்லிய தகர டப்பா. தகட்டின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். வாய்ப்பக்கம் மட்டும் கனமான இரும்புத் தட்டு. அதன் நடுவில் மரை வெட்டிய பெரிய துளை, அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள், ஓரத்தில் ஒரு ரப்பர் வாஷர். பம்ப் தள்ளுகிற எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக உள்ளே வரும். மடிப்பு மடிப்பாக வைத்திருக்கிற காகிதத்தை வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாகக் கடக்கும். சுத்தமாகி, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்பிப் போகும்.

உள்ளே இன்னும் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. இரண்டுமே பிறகு தேவைப்படும். சின்னத் துளைகளுக்குப் பின்னால் வளையமாக ஒரு ரப்பர் மடல் இருக்கும். எஞ்சின் நின்றதும் ஃபில்டரில் இருக்கிற எண்ணெய் வந்த வழியே வடிந்துவிடாமல் அது மூடிக்கொள்ளும். இன்னொன்று பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துப்போய் இரண்டு பக்கத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் அளவு வித்தியாசப்பட்டால் (பார் என்பது அழுத்தத்தின் அளவு; எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும்) அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையாவது எஞ்சினுக்கு அனுப்பும். அழுக்கு எண்ணெய் கெடுதல்தான், ஆனால் எண்ணெயே வராமல் போவது அதைவிடப் பெரிய கெடுதல். சில எஞ்சின்களில் இந்த வால்வு ஃபில்டருக்குள் இருக்காது, எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும்.

ஏன் இறுகுகிறது

"உப்புக்காத்து, மரை துருப்பிடிச்சுப் போச்சு" என்று நம் கடற்கரையில் அடிக்கடி சொல்வார்கள். உண்மையில் மரை துருப்பிடிக்க வழியே இல்லை. அது எந்நேரமும் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. பிடித்துக்கொள்வது மரை இல்லை, ரப்பர் வாஷர். எண்ணெய் தடவாமல் காய்ந்த வாஷரை வைத்துத் திருகினால் அது உலோகத்தோடு இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். போதாததற்கு ஸ்பேனர் போட்டு இன்னொரு சுற்று இறுக்கியிருப்பார்கள். பிறகு திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது ரப்பர் கெட்டியாகி, எஞ்சினின் முகத்தோடு, அதாவது வாஷர் அழுந்தி உட்காருகிற தட்டையான பரப்போடு, ஒட்டிப்போகும். மாற்ற வேண்டிய காலம் தள்ளிப்போகத் தள்ளிப்போக ஒட்டு பலமாகும்.

உப்புக்காற்றின் வேலை வேறு. அது டப்பாவின் வெளித்தகட்டைத் தின்கிறது. படகின் எஞ்சின் அறையில் அடியில் தேங்கிய உப்புத்தண்ணீரின் ஈரமும் சூடும் சேர்ந்தால், சில மாதங்களில் பெயின்ட் உரிந்து தகடு பொரிந்துவிடும். வாஷர் இரும்பாகப் பிடித்திருக்கிறது, டப்பாவோ தாள்போல் ஆகிவிட்டது. ஸ்பேனர் போட்டுத் திருகினால் வாஷர் விடுவதற்கு முன் டப்பா கிழிகிறது. நம் பக்கத்தில் ஃபில்டர் கழற்றுவதில் உள்ள தனிச் சிரமம் இதுதான்.

இதனால்தான் மரையில் துரு நீக்குகிற ஸ்பிரே அடிப்பதை நான் சொல்வதில்லை. டபிள்யூடி-40 மாதிரியான திரவம் வாஷருக்கு அடியில் போய்ச் சேராது. டப்பாவின் மேல் வழிந்து, பிடிக்க வேண்டிய இடத்தை வழுக்கலாக்குவதோடு சரி.

கழற்றும் வழி

முதலில் ஒரு வரிசை. நிறையப் பேர் எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு அப்புறம் ஃபில்டரில் கை வைக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எண்ணெய் வடிக்கிற டிரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஃபில்டர் அசைகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் அசைந்தால் போதும், அப்படியே நிறுத்திவிட்டு எண்ணெயை வடிக்கலாம். அசையவே இல்லை என்றாலும் எஞ்சினில் எண்ணெய் இருக்கிறது. வண்டியை ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாம், எஞ்சினைச் சூடாக்கி இன்னொரு முறை முயலலாம். எண்ணெயை வடித்தபிறகு இந்த இரண்டும் முடியாது.

அடுத்தது எந்தப் பக்கம் திருகுவது என்பது. சாதாரணமாகத் தெரிகிற இந்த விஷயத்தில்தான் ரொம்பப் பேர் தவறுகிறார்கள். ஃபில்டரின் மூடிய முனையை நேருக்கு நேர் பார்க்கும்போது இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால் கழறும். ஆனால் ஃபில்டர் கீழ்நோக்கித் தொங்குகிறது, நீங்கள் பானெட்டைத் திறந்து மேலிருந்து கையை விடுகிறீர்கள் என்றால், உங்கள் கண்ணுக்கு அது கடிகார முள் போகிற பக்கமாகத் தெரியும். அவசரத்தில் இதை மறந்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கிவிட்டு "வரவே இல்லை" என்று உட்கார்ந்திருப்பார்கள். டப்பாவின் மேல் சாக்குக்கட்டியால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். வெதுவெதுப்பில் ரப்பர் கொஞ்சம் இளகும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஓடி முடித்த எஞ்சினின் எண்ணெய் 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், கையில் கொட்டினால் தோல் உரிந்துவிடும். சைலன்சர் பக்கமாக ஃபில்டர் இருந்தால் இன்னும் கவனம். அணைத்துவிட்டு, தொட்டால் சூடு பொறுக்கிற நிலை வரும்வரை இருங்கள்.

பிறகு டப்பாவைத் துடையுங்கள். எஸ்டேட் ஜீப் என்றால் செம்மண் சேறு காய்ந்து அப்பியிருக்கும். படகு என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பிசுக்கை எடுத்து, பனியன் வேஸ்ட்டால் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். உப்புத்தாளை, சொரசொரப்பு டப்பாவின் மேல் படும்படி சுற்றிக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். பாதிக்குப் பாதி ஃபில்டர்கள் இதிலேயே வந்துவிடும். காய்ந்த டப்பாவும் சொரசொரப்பான பிடியும் சேர்ந்தால் கை பலமே போதும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வரவில்லை என்றால் ஸ்பேனர். கடையில் கேட்டால் மூன்று நான்கு வகை காட்டுவார்கள். முனையில் தொப்பி மாதிரி கவிழ்கிற கப் சாக்கெட் ரொம்ப நல்லது, ஆனால் உங்கள் ஃபில்டரின் சரியான அளவு வேண்டும். பொருந்தாத அளவு முனையை மழுக்கிவிடும். பெல்ட் ஸ்பேனர் டப்பாவை நசுக்காது, ஆனால் எண்ணெய் பட்டால் வழுக்கும். செயின் ஸ்பேனர் கடிக்கும், விடாது. எதை எடுத்தாலும் ஒரு விதி உண்டு: டப்பாவின் நடுவில் பிடிக்கக் கூடாது. வாய்ப்பக்கம், கனமான தட்டை ஒட்டிய இடத்தில் பிடிக்க வேண்டும். நடுவில் வெறும் தகடு. நீங்கள் கொடுக்கிற பலத்தை அது நசுங்கியே தீர்த்துவிடும், வாஷர் வரை போய்ச் சேராது. தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் பலம் நேராக வாஷரில் இறங்கும். படகு எஞ்சின்களில் துருப்பிடித்த டப்பாவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பிடித்தபின் மெல்ல மெல்லப் பலத்தைக் கூட்டுவதைவிட, சட்டென்று ஒரு இழு இழுப்பது பலன் தரும். ஒட்டிய ரப்பர் அதிர்ச்சியில் விடும்.

இதற்கும் வராவிட்டால் எல்லாரும் சொல்வது, ஸ்குரூ டிரைவரை டப்பாவில் அடித்துக் குத்தி, அதையே கைப்பிடியாக வைத்துத் திருகுவது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. நல்ல டப்பாவிலேயே பாதி நேரம் தகடு கிழிந்து சுற்றிக்கொண்டு வரும். துருப்பிடித்த டப்பாவில் சொல்லவே வேண்டாம். குத்தியே ஆக வேண்டும் என்றால் வாய்ப்பக்கத் தட்டை ஒட்டிக் குத்துங்கள்; நடுவில் இருக்கிற ஸ்டட்டில் (ஃபில்டர் திருகி ஏறுகிற, எஞ்சினிலிருந்து நீட்டிய மரைத்தண்டு) படாமல் ஓரமாகக் குத்துங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், புது ஃபில்டர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் ஓட்டை விழுந்த பிறகு அந்த எஞ்சினை ஓட்ட முடியாது. கடலில் இருக்கும்போது மாற்று ஃபில்டர் இல்லாமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பது பெரிய ஆபத்து.

அதற்கு முன் நான் சொல்வது உளி. முனை மழுங்கிய உளியை வாய்ப்பக்க ஓரத்தில், தட்டும் டப்பாவும் மடிந்து சேருகிற விளிம்பில் சாய்த்து வைத்து, கழறுகிற திசையில் சுத்தியலால் தட்டுங்கள். ஒரே இடத்தில் இல்லாமல் சுற்றி மூன்று நான்கு இடங்களில் தட்டினால் தட்டு மயிரிழை மயிரிழையாக நகரும். எஞ்சினின் முகத்தில் உளி படக்கூடாது. அந்த முகம் பெரும்பாலும் அலுமினியம். ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் எந்த ஃபில்டரை மாட்டினாலும் கசிவு நிற்காது.

டப்பா முழுக்கக் கிழிந்து தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றாலும் பயப்பட வேண்டாம். இப்போது வேலை சுலபம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. மிச்சத் தகட்டையும் காகிதத்தையும் வெட்டி எடுத்துவிட்டால் தட்டின் சின்னத் துளைகள் தெரியும். ஒரு துளையில் உளியை வைத்துக் கழறும் திசையில் தட்டலாம். இரும்புப் பட்டையில் இரண்டு போல்ட்டுகளை வெல்டு வைத்து, எதிரெதிர்த் துளைகளில் மாட்டித் திருகுகிற மாதிரி ஒரு கருவியை எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். ஃபில்டரின் பக்கத்தில் கேஸ் டார்ச் காட்டுவதோ, கிரைண்டர் வைத்துத் தீப்பொறி பறக்க அறுப்பதோ வேண்டவே வேண்டாம். எண்ணெயும் டீசல் ஆவியும் உள்ள இடம் அது.

சில நேரம் ஃபில்டரோடு நடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வந்துவிடும். பழைய ஃபில்டருக்குள் அதைத் தேடி எடுத்து, மரை நசுங்காமல் கழற்றி, எஞ்சினில் திரும்ப இறுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு குப்பையில் தேடியவர்கள் உண்டு.

மாட்டுகிற விதம்

அடுத்த முறை சிரமப்படாமல் இருப்பது இந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. எஞ்சின் முகத்தைத் துடைத்து, பழைய வாஷர் அங்கேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழையது இருக்க அதன் மேலேயே புதியதை மாட்டினால், இரண்டு வாஷரும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, ஓடும்போது எண்ணெய் மொத்தமும் வெளியே பீய்ச்சும். புது வாஷரில் சுத்தமான எஞ்சின் ஆயிலை விரலால் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம். கையால் திருகி, வாஷர் முகத்தைத் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று. பல ஃபில்டர்களின் டப்பாவிலேயே இந்த அளவு அச்சிட்டிருக்கும். ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் அதைப் பார்த்துச் செய்யுங்கள். இறுக்குவதற்கு ஸ்பேனர் எடுக்காதீர்கள்.

மரை அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பரவலாக இருக்கிற இரண்டு அளவுகளில் ஒன்று 20 மில்லிமீட்டர், 1.5 மில்லிமீட்டர் இடைவெளி மரை. இன்னொன்று முக்கால் இஞ்ச், இஞ்சுக்கு 16 மரை. முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர். முக்கால் இஞ்ச் ஸ்டட்டில் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் ஏறிவிடும், இறுகினது போலவும் இருக்கும். ஆனால் பிடிப்பு போதாது. அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு போகலாம். "வாஷர் அளவு ஒண்ணுதானே, போடலாம்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சினுக்கு உரிய ஃபில்டர் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

எட்டாத இடம் என்றால்

இதுவரை சொன்னபடி மாட்டியிருந்தும் ஒவ்வொரு முறையும் கழற்றுவது போராட்டமாக இருந்தால், அப்போது இடம்தான் பிரச்சினை. அதற்கும் உடனே ஹோஸ் போடத் தேவையில்லை. அதே அளவில் உயரம் குறைந்த ஃபில்டர் உங்கள் எஞ்சினுக்கு அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கப் சாக்கெட்டோடு நீண்ட எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் எட்டுகிறதா என்று பாருங்கள். படகில் என்றால், ஃபில்டருக்கு முன்னால் குறுக்கே போகிற ஒரு குழாயையோ பேட்டரிப் பெட்டியையோ நகர்த்தினால் வழி கிடைக்கலாம். காரில் இதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது; வாரண்டி இருக்கிற காரில் இதற்கு மேல் கை வைக்கவே கூடாது.

இடம் மாற்றுவதற்கு நிஜமான நியாயம் ஆழ்கடல் படகுகளுக்கு இருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறைப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். டீசல் எஞ்சின்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றச் சொல்வது பரவலான அளவு. இரவும் பகலும் எஞ்சின் ஓடினால் அது பத்து நாளைச் சற்றுத் தாண்டியதும் வந்துவிடும். அதாவது ஃபில்டர் மாற்றம் நடுக்கடலில் விழுகிறது. ஆடுகிற படகில், சூடான எஞ்சினுக்கும் படகின் பக்கச் சுவருக்கும் நடுவே தோளை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத டப்பாவைத் தடவித் திருக வேண்டும். தப்பி விழுந்த எண்ணெய் படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் கலந்து, பம்ப் போட்டதும் கடலுக்குப் போகிறது. இப்படிச் சிரமம் என்பதாலேயே "கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். அந்த எஞ்சினை நம்பித்தான் அத்தனை பேர் வீடு திரும்ப வேண்டும் என்பதால், எட்டுகிற இடத்தில் ஃபில்டர் இருப்பது அங்கே வசதி மட்டும் இல்லை, பாதுகாப்பு.

இடம் மாற்றும் அமைப்பு

தத்துவம் எளிது. ஃபில்டர் இருந்த இடத்தில் ஒரு அடாப்டரைத் திருகி மாட்டுவார்கள். அதில் ஒரு வாய் வழியாக அழுக்கு எண்ணெய் வெளியே வரும், இன்னொரு வாய் வழியாகச் சுத்தமான எண்ணெய் உள்ளே போகும். கைக்கு எட்டுகிற இடத்தில், உறுதியான இரும்புச் சட்டத்தில், ஃபில்டரைத் திருகி மாட்டுகிற ஃபில்டர் ஹெட் ஒன்றைப் போல்ட் போட்டுப் பொருத்துவார்கள். இரண்டையும் இரண்டு ஹோஸ்கள் இணைக்கும். அவ்வளவுதான். ஆனால் இப்போது எஞ்சினின் உயிர் அந்த இரண்டு ஹோஸ்களில் ஓடுகிறது. ஒன்று பிய்ந்தால், எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் இருக்கிற எண்ணெயை எல்லாம் பம்ப் வெளியே தள்ளி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சூடான சைலன்சர் குழாயில் அது பட்டால் தீ. ஆகவே செலவைக் குறைக்கிற இடம் இது இல்லை.

ஹோஸின் உள்விட்டம் குறைந்தது அரை இஞ்ச் இருக்க வேண்டும். தூரம் கூடினால் 5/8 இஞ்ச் நல்லது. பெரிய டீசலுக்கு அதற்கும் மேல். ஒடுங்கிய ஹோஸ் எண்ணெயை நெரித்து அழுத்தத்தைக் குறைக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது எண்ணெய் அழுத்தம் 5, 6 பார் வரை ஏறலாம். ஓடும்போது சூடு 100 டிகிரியைத் தாண்டலாம். ஜேசிபி போன்ற இயந்திரங்களுக்குப் போடுகிற சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தத்தைத் தாராளமாகத் தாங்கும், ஆனால் அவற்றில் நிறைய 100 டிகிரி வரைக்கும்தான் மதிப்பிடப்பட்டவை. கடையில் அழுத்தத்தைக் கேட்பது போலவே வெப்ப அளவையும் கேளுங்கள், எஞ்சின் ஆயிலுக்கு உகந்ததா என்றும் கேளுங்கள். முனைகளை இயந்திரத்தில் நசுக்கிப் பொருத்தித் தருவார்கள். டீசல் ஹோஸை வாங்கிக் கிளிப் போட்டு முறுக்குவது கூடவே கூடாது. படகில் சைலன்சருக்குப் பக்கமாகப் போகிற இடத்தில் தீத்தடுப்பு உறையும் போடுங்கள்.

அடுத்து, எந்த ஹோஸ் எந்த வாயில் என்பது. அடாப்டரிலும் ஹெட்டிலும் உள்ளே, வெளியே என்று அம்புக்குறியோ எழுத்தோ இருக்கும். எஞ்சினிலிருந்து வெளியே வருகிற ஹோஸ், ஹெட்டின் உள்வாயில் சேர வேண்டும். மாற்றி மாட்டினால் எண்ணெய் நடுத்துளை வழியாக ஃபில்டருக்குள் நுழைந்து, சின்னத் துளைகள் வழியாக வெளியேறப் பார்க்கும். அங்கேதான் அந்த ரப்பர் மடல் இருக்கிறது. அது மூடிக்கொள்ளும், எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. கிராங்கும் பேரிங்கும் தேய்ந்துபோக அதிக நேரம் வேண்டாம். பொருத்தியவரே சரிபார்ப்பதோடு விடாமல், இன்னொருவர் ஹோஸைக் கையால் தொட்டுக்கொண்டே வந்து பார்ப்பது நல்லது.

பைபாஸ் வால்வையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் எஞ்சின் ஃபில்டருக்குள் இருக்கிற வால்வை நம்பியிருந்தால், புது இடத்தில் போடுகிற ஃபில்டரிலோ ஹெட்டிலோ அது இருந்தே ஆக வேண்டும். இடம் கிடைத்ததே என்று பெரிய ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது இது அடிக்கடி விட்டுப்போகிறது.

ஹெட்டை வைக்கிற இடம்: வாய் மேலே, டப்பா கீழே தொங்குகிற மாதிரி. அப்போது கழற்றினால் எண்ணெய் டப்பாவிலேயே நிற்கும், அடியில் ஒரு தட்டு வைத்தால் சொட்டும் வீணாகாது. தேங்கும் தண்ணீர் தெறிக்காத உயரமாக இருக்கட்டும். எஸ்டேட் ஜீப்பில் கல் அடிக்காத, சக்கரம் சேறு வாரி அடிக்காத இடமாக இருக்கட்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் நின்று ஆடும், ஹெட்டோ சட்டத்தோடு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஹோஸ் விறைப்பாக இருந்தால் முனையில் வெடிக்கும். கொஞ்சம் தொய்வு விட்டு, உரசுகிற இடங்களில் ரப்பர் வைத்த கிளிப்பால் பிடியுங்கள்.

பொருத்தியதும் நேராக ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஹோஸ்கள் காலியாக இருக்கும். ஃபில்டரையாவது எண்ணெய் ஊற்றி நிரப்பி மாட்டுங்கள். டீசல் எஞ்சினில், எஞ்சினை அணைக்கிற ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வினாடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, இடைவெளி கொடுத்து மறுபடி சுற்றவிடுங்கள். அழுத்தமானி எழும்பிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் சத்தம் போடுகிற அலாரம் இல்லாத படகில், இந்த வேலையோடு அதையும் சேர்த்துப் போட்டுவிடுவது என் கணக்கில் கட்டாயம். சில நாள் ஓடியபின் இணைப்புகளை இன்னொரு முறை பாருங்கள். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கெட்டியாகும். வளைத்தால் விறைக்கிறது, வெடிப்பு தெரிகிறது என்றால் மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் அளவும் கூடும். 5/8 இஞ்ச் ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லி பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் என்றால் 400 மில்லி, பெரிய ஃபில்டர் போட்டிருந்தால் அதற்கும் மேல். எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் இறங்கியபின் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைவதை ஊற்றுங்கள். வடித்த பழைய எண்ணெய் சட்டப்படி அபாயகரமான கழிவு. மண்ணிலோ கடலிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். கடைசியாக, ஹெட்டுக்குப் பக்கத்தில் அழியாத மையில் நான்கு விவரம் எழுதி வையுங்கள்: போட வேண்டிய ஃபில்டரின் எண், மொத்த எண்ணெய் அளவு, எண்ணெய் போகிற திசை, ஹோஸ் போட்ட மாதமும் ஆண்டும். அடுத்து அந்த எஞ்சினில் கை வைப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.